காரைக்காலுக்கு இரண்டு வாசல்

காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போனவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் மனிதன் பரமதத்தன். காரைக்கால் அம்மையாரின் புருஷன். கேட்டவுடன் கையில் மாம்பழம் வரவழைத்த மனைவியைப் பார்த்து நடுங்கிப்போய், கடல் வாணிபத்துக்குப் போகிறேன் என்று சொல்லி மரக்கலம் ஏறினான். போன காரியம் நன்றாகவே முடிந்தது. திரும்பியும் வந்தான். ஆனால் வந்து இறங்கியது காரைக்காலில் அல்ல. பாண்டிய நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில். அங்கேயே இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரை வைத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவின்போது ஊர் ஜனங்கள் மாடியில் நின்று மாம்பழம் இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்துக் கொள்கிறார்கள். எல்லோருக்கும் மாம்பழம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மட்டும் அந்தக் கப்பல் ஞாபகம் வரும். ஒரு துறையில் ஏறி வேறு துறையில் இறங்குவது அன்றைக்கே இந்த ஊர் மனிதனின் ஜாதகத்தில் எழுதியிருந்தது போலும்.

இன்றைக்கு எங்கள் ஊர்ப் பாரதியார் வீதியில் டிக்கெட் எடுக்கப் போகிறவனிடம் எதிரில் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த தேசத்துக்கு?" என்பதல்ல. "திருச்சியா, மீனம்பாக்கமா?" என்பதுதான். தேசம் எது என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். திருச்சி என்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா. மீனம்பாக்கம் என்றால் பெரும்பாலும் பிரான்சு. ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் பிறந்தவர்கள் இப்படி இரண்டு வாசலாகப் பிரிந்து போகிறார்களே, இது என்ன விமானக் கம்பெனிக்காரர்கள் போட்ட கோடா என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. இல்லை. விமானம் பிறப்பதற்கு முன்பே போட்ட கோடு அது.

1739-ம் வருஷத்தில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தஞ்சை மராத்தியர் வீட்டுப் பட்டச் சண்டைகளும் சந்தா சாகிபின் தயவும் அதற்கு உதவின. அப்போது வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620 முதல் குடியிருந்தார்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். 1781-ல் அது ஆங்கிலேயரிடம் போயிற்று. ஒரு நாள் நடையில் மூன்று ராஜ்யங்களின் கொடிகளைப் பார்த்துவிடலாம் என்ற அந்தக் காலத்தில், அரசலாற்று முகத்துவாரத்தில் இருந்த காரைக்கால் துறை சின்னஞ்சிறியது. பெரிய கப்பல்கள் கரைக்கு வரா. கடலில் தள்ளி நிற்கும். சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிக் கொண்டுபோய் ஏற்றும். நாகப்பட்டினத்திலும் இதே கதைதான்; புதுச்சேரியிலும் இதே கதைதான்.

இந்தச் சின்னத் துறை வழியாகப் போனவர்களின் எண்ணிக்கை சின்னதல்ல. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கை வேண்டுமே! 1853-ல் மர்த்தினிக் தீவுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் ஓரேலி. மறு வருஷம் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் போயிற்று. 1861-ல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆள் சேர்க்கும் துறைகளை வரிசைப்படுத்தியபோது கல்கத்தா, சென்னை, பம்பாய் என்ற பெரிய பெயர்களோடு புதுச்சேரியும் காரைக்காலும் இடம் பெற்றன. 1880-களில் இந்த ஏற்றுமதி நிற்பதற்குள், மர்த்தினிக்குக்கு மட்டும் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேல். ரீயூனியன் தீவின் கணக்கு தனி. தஞ்சாவூர் ஜில்லாவில் மழை பொய்த்தால் காரைக்கால் கப்பலில் கூட்டம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும் பிரயாணம். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்.

அதன் பிறகு பிரெஞ்சு வாசலின் முகம் மாறியது. 1881-ல் ஒரு சட்டம் வந்தது. தம் ஜாதி ஆசாரச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். அவர்களில் பலர் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். கூலியாகப் போன வாசலால் குமாஸ்தாவாகப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் கடற்கரை மரைக்காயர்கள் ஜவுளிக் கடை வைக்கப் போனார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் 'சொல்தா' ஆனார்கள். அவர்கள் பென்ஷன் வாங்கும் நாள் காரைக்காலில் மீன் விலை ஏறும் நாள் என்று என் பாட்டி சொல்வாள்.

மற்றொரு வாசல் பன்னிரண்டு மைல் தெற்கே, நாகப்பட்டினம். அது வெள்ளைக்கார வாசல். பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் போகிற வாசல். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் பிடித்த ஆட்கள் இங்கிருந்து ஏறினார்கள். 1938-ல் இந்திய சர்க்கார் கூலி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வியாபாரிகள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர், பெண் பார்க்க வந்து திரும்புகிறவர்கள் என்று மற்ற ஜனங்களின் கூட்டம் அப்புறமும் நிற்கவில்லை. அந்தக் கூட்டத்தைச் சுமந்த கப்பல்களில் 'ரஜுலா'வைப்போல் தமிழர் வாயில் அடிபட்ட பெயர் வேறில்லை. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகும். மேல்தட்டில் பாய் விரித்த இடம்தான் பிரயாணியின் அறை. என் தாத்தா அந்தப் பாயில் இரண்டு தடவை படுத்தவர். இரண்டாம் முறை பாய் திருட்டுப்போனதைச் சாகிறவரை சொல்லிக் கொண்டிருந்தார். பினாங்கில் என்ன சம்பாதித்தார் என்பதை மட்டும் சொன்னதே இல்லை. ரஜுலா 1973 வரை உழைத்துவிட்டு உடைக்கப் போயிற்று. அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு நாகைப் பிரயாணிக் கப்பலின் கதை முடிந்தது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குச் சிறு கப்பல் விட்ட பிறகுதான் அந்தத் துறையில் மறுபடி பெட்டி படுக்கையுடன் மனிதர்களைப் பார்த்தோம்.

நடுவில் ராஜ்யம் மாறியது. 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்டு 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். புதுச்சேரி, காரைக்கால் முதலிய நான்கு ஊர்களிலுமாக ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் எழுதினான், தம்பி எழுதவில்லை. ஒரு காகிதம்தான். பேரன்களில் ஒருத்தன் பாரிஸில் ரயில் ஓட்டுகிறான், ஒருத்தன் சார்ஜாவில் வெயிலில் இரும்புக் கம்பி கட்டுகிறான் என்றால், அந்த ஆறு மாதத்தில் யாரோ ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து செய்த தீர்மானம் அது.

இனி ஆகாயத்துக்கு வருவோம்.

மீனம்பாக்கத்தின் பெருமை பழமையானது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து டாட்டாவின் தபால் விமானம் பம்பாய் வரை வந்தது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்கு ஓட்டி வந்தார். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம்; அதில் பிரயாணிகளைவிடக் கடிதங்களுக்கே மரியாதை. 1954-ல் மீனம்பாக்கத்தில் பிரயாணிகளுக்கென்று கட்டடம் எழுந்தது. விமானம் பார்க்கவென்றே குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போன காலம் அது. 1984 ஆகஸ்டு 2 இரவில், கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டி அந்தக் கட்டடத்திலேயே வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மறு வருஷம் உள்நாட்டுப் பிரயாணிகளும், 1989-ல் வெளிநாட்டுப் பிரயாணிகளும் திரிசூலம் பக்கத்துப் புதிய கட்டடங்களுக்கு மாறினார்கள். ஒன்றுக்குக் காமராஜர் பெயர், மற்றொன்றுக்கு அண்ணா பெயர். ஊர் திரிசூலம் ஆனாலும் எங்கள் பக்கத்தார் வாயில் அது மீனம்பாக்கம்தான். 3,658 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை. எவ்வளவு பெரிய விமானமானாலும் இறங்கும். இன்னொரு பாதை அடையாற்றின் மேல் பாலமாகவே போகிறது. ஆற்றின் தலையில் ஏறி உட்கார்ந்தால் ஆறு சும்மா இருக்குமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையத்தையே சில நாட்கள் மூடும்படி ஆயிற்று. அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள்.

திருச்சிக்கு இத்தனை ஆடம்பரம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை உபயோகித்த மைதானம். அதன் பழைய அயல்நாட்டு உறவு இலங்கையோடு. சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் சேர்ந்த பிறகு, உள்நாட்டுக்குப் போகிறவர்களைவிட வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் என்ற விசித்திரமான நிலைமை அங்கே உண்டாயிற்று. டில்லி போகிறவனைவிடத் துபாய் போகிறவன் அதிகம்! 2012-ல்தான் அதற்குச் சர்வதேச விமான நிலையம் என்ற பட்டம் கொடுத்தார்கள். ஜனங்கள் அதற்கு வெகு முன்பே கொடுத்துவிட்டார்கள். ஓடுபாதை 2,480 மீட்டர்தான். ஆகவே அகன்ற உடம்புக்காரப் பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. ஐரோப்பாவுக்கு நேர் விமானமும் கிடையாது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று வாசகர்கள் கண்டுகொண்டிருப்பார்கள். பழைய நாகப்பட்டினத்துக் கூட்டம் திருச்சிக்குப் போயிற்று. பழைய புதுச்சேரி, காரைக்கால் கப்பலின் கூட்டம் மீனம்பாக்கத்துக்குப் போயிற்று. சிங்கப்பூருக்கு நாலு மணி நேரப் பறப்புக்குச் சின்ன விமானம் போதும், பாரிஸுக்குப் போதாது.

பிரயாணியின் சௌகரியத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்காலிலிருந்து திருச்சி, திருவாரூர், தஞ்சாவூர் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர்; மூன்றரை மணி நேரம். மீனம்பாக்கம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி என்று ஒவ்வொரு ஊராக நம்மைப் பிடித்து நிறுத்திக் குசலம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பும். ஆனால் ரயில் மீனம்பாக்கத்துக்கே சாதகம். காரைக்காலில் கம்பன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலம் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். எதிரே விமான நிலையம். 2016 முதல் மெட்ரோ ரயிலும் உண்டு. பெட்டி ஒன்றே என்றால் இது ராஜ மார்க்கம். எங்கள் பக்கத்தில் பெட்டி ஒன்றாக இருப்பதில்லை. புளி, கருவாடு, அரைத்த மிளகாய்த்தூள், மாவடு, முறுக்கு டின், மருமகளுக்குப் புடவை எல்லாம் சேர்ந்து மூன்றாகிவிடும். அதனால் கார் அல்லது வேன்.

வேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்துக்கு ஒருவரை வழியனுப்ப ஒருவர் போவார், தூரம் அப்படி. திருச்சிக்கு ஒருவரை வழியனுப்பப் பதினான்கு பேர் போவார்கள். போகும் வழியில் தஞ்சாவூர் பெரிய கோயில், திரும்பும் வழியில் சமயபுரம் என்று அதை ஒரு க்ஷேத்திர யாத்திரையாகவே ஆக்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. திருச்சியின் பழைய கட்டடத்து வாசலில் இரவு பத்து மணிக்குப் பார்க்க வேண்டும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கிழவிகள், கண்ணாடிக்கு அப்பால் வரிசையில் நகரும் மகனைப் பார்த்துக் கைகாட்டும் தகப்பன், அப்பா எந்த விமானத்தில் இருக்கிறார் என்று எண்ணும் குழந்தைகள். மீனம்பாக்கத்தில் நான் கண்டது வேறு காட்சி. குளிர்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, காரைக்கால் தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசிக்கொண்டு தனியாக நிற்கிற மனிதர்கள். பிறந்த ஊருக்கு வரும்போது அவர்கள் நிற்கும் வரிசை வெளிநாட்டார் வரிசை.

சுங்கக்காரர்களின் பரிசோதனையில் இரண்டும் அண்ணன் தம்பி. 'குருவி' என்று ஒரு வர்க்கம் இருக்கிறது. காலையில் கொழும்பு அல்லது சிங்கப்பூர் போய் மறுநாள் சாமானோடு திரும்புகிற பறவைகள். இவர்கள் தங்கத்தை ஒளிக்கும் இடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கும்போது, நாவலாசிரியர்களாகிய எங்களுக்குக் கற்பனை போதாது என்று தோன்றும். அவர்கள் செய்த புண்ணியத்தால், ஒரு ஜோடி வளையலோடு வருகிற சாதுவான அம்மாளும் தன் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

2024 ஜூன் முதல் திருச்சிக்குப் புதிய கட்டடம் வந்திருக்கிறது. ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. வருஷத்துக்கு 44 லட்சம் பேர் போய்வரலாம். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் வர்ணங்களை வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். என்னோடு வந்த மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓடுபாதை மட்டும் பழையதேதான். அதை நீட்ட வேண்டுமென்ற பேச்சு வெகு காலமாக நடக்கிறது. 2018 அக்டோபரில் துபாய் புறப்பட்ட விமானம் ஒன்று சுற்றுச் சுவரில் இடித்துக்கொண்டு, அப்படியே பறந்து போய்ப் பம்பாயில் இறங்கியது. 2024 அக்டோபரில் சார்ஜா விமானம் கோளாறாகி, 141 பேரோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்திலேயே வட்டமிட்டுப் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. அன்று மாலை டெல்டா முழுவதும் டெலிவிஷன் முன்னால் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து அதில் யாரும் போகவில்லை. போயிருக்கக் கூடும் என்பதே போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இருந்தாள். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மகளைப் பிரான்சு மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தாள். அந்த மாப்பிள்ளையின் தாத்தா 1962-ல் எழுதிக் கொடுத்தவர். 2017-ல் ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாள் போய்விட்டாள். சனிக்கிழமை காலை விமானத்தைப் பிடித்த மகன், திருச்சியில் இறங்கி மாலைக்குள் வீடு வந்துவிட்டான். மகளுக்கு டிக்கெட் கிடைத்து, வளைகுடாவில் விமானம் மாறி, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி. ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். கடலூரிலிருந்து போன் வந்தது. சிதம்பரத்திலிருந்து வந்தது. பெரியவர்கள் உச்சிப்பொழுது தாண்டக் கூடாது என்றார்கள். மகன், "அக்கா வரட்டும்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவில்லை. பதினொன்றரைக்கு எடுத்தோம். அப்போது அவள் கார் சீர்காழியைத் தாண்டியிருந்தது. அவள் வந்து இறங்கியபோது வாசல் கழுவி ஈரம் காயவில்லை. தெருவில் உதிரிப் பூ கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

காரைக்காலுக்கே ஒரு விமான நிலையம் என்று பேச்சு வந்ததுண்டு. மத்திய சர்க்கார் கொள்கையளவில் சம்மதம் தந்த புதிய விமான நிலையங்களின் பட்டியலில் காரைக்கால் பெயரும் ஏறியிருந்தது. பட்டியலில்தான். நிலத்தில் ஒன்றும் ஏறவில்லை. 2009-ல் வாஞ்சூர் பக்கம் பெரிய துறைமுகம் வந்தது. அது நிலக்கரி முதலான சரக்குகளுக்கு, மனிதருக்கு அல்ல. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்து விவசாயிகள் நிலம் போகிறதே என்று போராட ஆரம்பித்தார்கள். டெல்டாக்காரனான எனக்கு, நெல் வயலில் விமானம் இறங்குவதைப் பற்றி எளிதாக அபிப்பிராயம் சொல்ல வரவில்லை.

மறு வருஷம் திதிக்கு அந்தப் பெண் வந்தாள். இம்முறை மீனம்பாக்கம் வரவில்லை. கொழும்பு போய், அங்கே விமானம் மாறித் திருச்சியில் இறங்கினாள். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். பாரிஸிலிருந்து காரைக்காலுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும், இறங்கும் மணி, கார் ஓடும் நேரம் எல்லாம் அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தது. கொழும்பு வழியில் டிக்கெட் விலை கூடுதல். வீடு வந்து சேரும் நேரம் நாலு மணி குறைவு.

"அப்பா இருக்கார் இல்லியா மாமா" என்றாள்.

உள்ளே அவள் தகப்பனார் பேத்திக்கு அரசலாற்றைக் காட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.